குறி தவறிய குண்டு: ஜிம் கார்பெட் கதை

இமயமலைச் சாரலில் உள்ள ஊர் நைனிடால். அந்த ஊர்த் தபால் அதிபரின் மகனாக 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி ஒரு குழந்தை பிறந்தது. ஆட்கொல்லிப் புலிகளை ஒழித்துப் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜிம் கார்பெட்தான் அந்தக் குழந்தை.

ஜிம்முக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது மாணவர் படையில் ஜிம் சேர்ந்தான்.

கை நடுங்கியது

பத்து வயதில் ஒருநாள், ஒரு பெரிய தளபதியின் முன்னால் அவன் சுட்டுக் காட்ட வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பீல்டு மார்ஷல் ஆன ராபர்ட்ஸ்தான் அந்தத் தளபதி. இலக்கு 200 கெஜ தூரத்தில் இருந்தது. சிறுவனின் கை நடுங்கியது. சுட்டான். இலக்கில் படவில்லை.

தளபதி கோபிக்கவில்லை. அருகில் வந்து துப்பாக்கியைப் பார்த்தார். தவறு எங்கே என்பது தெரிந்துவிட்டது.

துப்பாக்கிக் குழலின் நுனியில் ஒரு சிறு குறி உண்டு. கண்ணுக்கு அருகே இன்னொரு குறி உண்டு. இந்த இரண்டும் இலக்கும் ஒரே கோட்டில் வர வேண்டும். குண்டு போகப் போகத் தாழும். ஆகவே, தூரம் கூடினால் பின்குறியை உயர்த்த வேண்டும். பதற்றத்தில் அதை 200 கெஜத்துக்கு வைக்க ஜிம் மறந்துவிட்டான்.

தளபதியே அதைச் சரி செய்தார். அவசரப்படாமல் சுடும்படி கூறினார். அடுத்துச் சுட்டபோது குண்டுகள் இலக்கைத் தொட்டன.

அதன் பிறகு, விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுபோகப் படையின் துப்பாக்கியே அவனுக்குக் கிடைத்தது. துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், காலித் தோட்டாக்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதே நிபந்தனை.

436 உயிர்கள்

ஜிம் வளர்ந்தார். மொகாமா காட்டில் ரெயில்வே வேலை பார்த்தார். 1907-ல் சம்பாவத் பகுதியில் ஒரு பெண் புலியைக் கொன்றார். அந்தப் புலிக்குப் பலியானவர்கள் 436 பேர் என்பது கணக்கு.

புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. என்றோ யாரோ சுட்ட குண்டு உயிரை எடுக்காமல் பல்லை உடைத்திருந்தது. காட்டு விலங்கைப் பிடிக்க முடியாத புலி மனிதரைத் தின்னத் தொடங்கியது. சரியாகப் படாத ஒரு குண்டுக்கு விலை எத்தனை உயிர்கள்!

பிறகு கார்பெட் காமிராவை எடுத்தார். புலிகளைப் படம் பிடித்தார். புலிகளைக் காக்க வேண்டும் என்று எழுதினார். 1936-ல் அமைந்த தேசியப் பூங்கா பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது.

1947-ல் கென்யா சென்ற அவர், 1955 ஏப்ரல் 19-ந் தேதி அங்கே காலமானார். அவர் சுட்ட புலிகளைப் பற்றி உலகம் பேசுகிறது. பதறிய சிறுவனை அதட்டாமல், குறியைத் திருத்திக் கொடுத்த அந்தக் கையையும் நாம் மறக்கலாகாது.