வாள் ஓங்காத கை

டோக்கியோ மாநகரின் நடுவே ஜப்பானியச் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கிறது. அதைச் சுற்றிலும் அகழி. அகழியைக் கடந்து உள்ளே செல்லும் வாயில்களுள் மேற்குப் புறத்து வாயிலுக்கு ஹன்ஸோமோன் என்று பெயர். ஹன்ஸோவின் வாயில் என்பது அதன் பொருள். 1978-ஆம் ஆண்டில் திறந்து வைத்த சுரங்க ரயில் பாதை ஒன்றுக்கும் அந்தப் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அந்த ஹன்ஸோ மன்னனும் அல்லன், மதத் தலைவனும் அல்லன். நானூறு ஆண்டுகளுக்கு முன்னே ஒரு பிரபுவிடம் ஊழியம் செய்த வீரன், அவ்வளவே. ஆயினும் பேரரசர்கள் பலருடைய பெயரை மறந்துவிட்ட உலகம் ஹத்தோரி ஹன்ஸோவின் பெயரை மறக்கவில்லை. திரைப்படங்களிலும் சித்திரக் கதைகளிலும் அவன் இன்றும் உலவுகிறான். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த கில் பில் என்னும் அமெரிக்கப் படத்திலே வாள் செய்யும் முதியவர் ஒருவருக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.

நின்ஜா என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் ஓர் உருவம் தோன்றும். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்புத் துணி; கண்கள் மட்டுமே வெளியே தெரியும்; கூரைக்குக் கூரை தாவுவான்; புகையைக் கிளப்பிவிட்டு மறைந்து போவான். இந்த உருவத்தை ஆக்கித் தந்தவை நாடக மேடையும் திரைப்படமுமே. ஷினோபி என்பதே அக்கால ஒற்றர்களுக்குப் பெருவழக்காக இருந்த பெயர். நின்ஜா என்ற சொல் எங்கும் பரவியது இருபதாம் நூற்றாண்டிலேதான். 1681-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஷோனின்கி என்ற ஒற்றர் நூல் ஏழு வேடங்களை வகுத்துச் சொல்கிறது. துறவி, வணிகன், மலைவாழ் தவசி, கூத்தாடி, சாதாரணக் குடிமகன் ஆகிய வேடங்கள் அவற்றுள் அடங்கும். ஒற்றனுக்கு அழகு பிறர் கண்ணுக்கு ஒற்றனாகத் தெரியாமல் இருப்பதே. கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு பட்டப்பகலில் சந்தைக்குள் நுழைகிறவன் எந்த ரகசியத்தைக் கொண்டுவர முடியும்?

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு விளையாட்டு. எங்கள் விடுதியில் ஆறு பேர் சேர்ந்து வாரம் ஓர் இரவு ஆடுகிறோம். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிஸன் என்ற இருவர் வெளியிட்ட ஆட்டமுறை அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். சந்தேகமான இடத்திலே இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். இப்போது நாங்கள் ஆடிவரும் கதை ரேவன்லாஃப்ட். ட்ரேஸி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் 1983-இல் இயற்றியது. மூடுபனி சூழ்ந்த பள்ளத்தாக்கு, மலையுச்சியில் ஒரு கோட்டை, அதற்குள்ளே ஸ்ட்ராட் என்னும் இரத்தக் காட்டேரிப் பிரபு. இந்தக் கதையிலே நான் ஏற்றிருப்பது ஒரு ஷினோபியின் பாத்திரம். சவப்பெட்டியும் சிலுவையும் நிறைந்த ஐரோப்பியத் திகில் கதைக்குள்ளே ஜப்பானிய ஒற்றன் எப்படி வந்தான் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். கதை நடத்தும் நண்பரோ வேறொன்று கேட்டார். உன் ஆள் சுவர் ஏறுவான், பூட்டுத் திறப்பான், சரி. அவன் எதற்கு அஞ்சுவான் என்றார். திகில் கதைக்கு அதுதானே உயிர்? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஹன்ஸோவின் வாழ்க்கையைப் படித்தேன். படிக்கப் படிக்க, கோட்டையும் காட்டேரியும் இல்லாமலே நெஞ்சை உலுக்கும் ஒரு கதை அங்கே இருந்தது.

ஹத்தோரி ஹன்ஸோ மஸனாரி 1542-ஆம் ஆண்டில் மிக்காவா நாட்டிலே பிறந்தான். ஹத்தோரி குடும்பத்தின் பூர்விகம் இகா என்னும் மலைநாடு. அங்கே தனிப் பிரபு ஒருவரும் இல்லை. சிறுசிறு குடும்பங்கள் கூடிப் பேசித் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டன. மலையும் கணவாயும் சூழ்ந்த அந்த நாட்டிலேதான் ஒளிந்து போர் செய்யும் கலையும் ஒற்றறியும் கலையும் வளர்ந்தன. ஹன்ஸோவின் தந்தை யாசுநாகா பிழைப்புத் தேடி மிக்காவாவுக்கு வந்து, அங்கே ஆட்சி புரிந்த மட்சுதைரா குடும்பத்தாரிடம் சேவகத்தில் அமர்ந்தார்.

அந்தக் குடும்பத்தின் வாரிசுதான் பிற்காலத்தில் தோகுகவா இயேயாசு என்று பெயர் பெற்றவர். ஹன்ஸோவை விட ஏறத்தாழ ஒரு வயது இளையவர். சிறு பிராயத்தில் பிற பிரபுக்களிடம் பணயப் பிள்ளையாக வளர்ந்தவர். 1560-இல் ஒகேஹஸாமா என்ற இடத்தில் நடந்த போரிலே ஓடா நோபுநாகா தம் பகைவரான இமகாவா பிரபுவை வீழ்த்திய பிறகே இயேயாசுவுக்கு விடுதலை கிட்டியது. பின்பு நோபுநாகாவுடன் உறவு பூண்டு, மெல்ல மெல்ல உயர்ந்தார். அந்த உயர்வின் ஒவ்வொரு படியிலும் ஹன்ஸோ அவர் பக்கத்தில் நின்றான். 1570-இல் நடந்த அனேகாவாப் போரிலும், 1573-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தாகேதாப் படையிடம் இயேயாசு தோற்றோடிய மிக்காதகஹாராப் போரிலும் அவன் போரிட்டான். அவனுக்குப் புகழ் தந்த ஆயுதம் ஈட்டி. மறைந்து செல்லும் ஒற்றனைக் காட்டிலும் நேர் நின்று பொருதும் வீரனாகவும், இகா வீரர்களின் தலைவனாகவும்தான் வரலாற்றில் அவன் காட்சி தருகிறான். தோகுகவாப் படையில் ஹன்ஸோ என்ற பெயருடையவர் இருவர் இருந்தனர். வதனாபே குடும்பத்தவனை ஈட்டி ஹன்ஸோ என்றார்கள். நம் ஹன்ஸோவுக்குக் கிடைத்த பட்டப் பெயர் ஓனி ஹன்ஸோ. ஓனி என்றால் அரக்கன்.

அந்த அரக்கனுக்கு 1579-ஆம் ஆண்டிலே ஒரு சோதனை வந்தது.

இயேயாசுவின் மூத்த மகன் நோபுயாசு. வயது இருபதே ஆகியிருந்தது. நோபுநாகாவின் மகள்தான் அவனுக்கு மனைவி. கணவன்மீதும் மாமியார்மீதும் மனக்கசப்புற்ற அந்தப் பெண் தன் தந்தைக்குக் கடிதம் எழுதினாள் என்றும், அவர்கள் பகைவரான தாகேதாக் குடும்பத்தோடு சதி செய்கிறார்கள் என்று அதிலே குற்றம் சாட்டினாள் என்றும் பழைய நூல்கள் சொல்கின்றன. நோபுநாகாவின் கட்டளைக்கு இயேயாசு பணிந்தார் என்பது மரபான வரலாறு. தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த பூசலே காரணம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. காரணம் எதுவாயினும் முடிவு ஒன்றுதான். தாயைக் கொன்றார்கள். மகனை ஃபுதமாதாக் கோட்டையிலே வைத்து, தன் வயிற்றைத் தானே கிழித்து உயிர் விடும்படி ஆணையிட்டார்கள்.

அவ்வாறு இறப்பவன் நெடுநேரம் துடிக்காதபடி, பின்னால் நின்று ஒரே வீச்சில் தலையைத் துணிப்பதற்கு ஒருவனை நியமிப்பது வழக்கம். அந்த வேலைக்கு ஹன்ஸோவை அனுப்பினார் இயேயாசு. அது தண்டனையன்று, நம்பிக்கையின் அடையாளம். உறுதியான கையும் கலங்காத நெஞ்சும் உள்ளவனைத்தான் அதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். எத்தனையோ போர்க்களம் கண்ட அரக்கனுக்கு இது எம்மாத்திரம் என்று எல்லாரும் எண்ணியிருப்பார்கள். வாலிபன் தன் கடமையைச் செய்தான். ஹன்ஸோவின் வாளோ எழவில்லை. தலைவனின் மகன்மீது வாள் ஓங்க அவனால் முடியவில்லை. கண்ணீர் வடித்தபடி நின்றுவிட்டான். உடன் இருந்த வேறொருவர் அந்த வேலையை முடிக்க வேண்டியதாயிற்று. அரக்கனும் தலைவன் மகனை வெட்ட மாட்டான் போலும் என்று இயேயாசு நெகிழ்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். ஹன்ஸோ செய்தது நல்லதா? அவன் மறுத்ததனாலே நோபுயாசு பிழைக்கவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் சில கணம் கூடுதலாகத் துடித்திருப்பான். வேறொருவன் கையிலே இரத்தம் படிந்தது. அநீதியான ஆணை என்று ஹன்ஸோ எதிர்த்துப் பேசினான் என்றோ, தலைவனை விட்டு விலகினான் என்றோ வரலாறு சொல்லவில்லை. அவன் வாய் பேசவில்லை. கை மட்டும் மறுத்தது. கீழ்ப்படிதலே உயிர் என்று வளர்ந்த ஒருவனுக்கு அந்த அளவு மறுப்பே மலையைப் பெயர்ப்பது போன்றதுதான். ஆயினும் அவ்வளவு போதுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. அவனையும் விட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1581-இல், நோபுநாகா சுமார் 40,000 பேர் கொண்ட படையை இகா நாட்டின்மீது ஏவினார். ஊர்கள் எரிந்தன. தப்பி ஓடிய இகா மக்கள் சிலருக்கு இயேயாசு தம் நாட்டிலே இடம் கொடுத்தார். இந்தச் சிறு இரக்கம் மறு ஆண்டே பயன் தந்தது. 1582-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கியோத்தோவிலுள்ள ஹொன்னோஜி ஆலயத்தில் தங்கியிருந்த நோபுநாகாவை, அவருடைய தளபதி அகேச்சி மிட்சுஹிதே திடீரெனத் தாக்கினான். நோபுநாகா மாண்டார். அப்போது இயேயாசு முப்பத்துச் சொச்சம் பேருடன் சக்காய் துறைமுக நகரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். படை இல்லை, நடுவிலே பகைவர், தோற்றவர்களைக் கொன்று பொருள் பறிக்கும் கூட்டங்கள் வழியெல்லாம். அவருடன் வந்து, பின்பு தனி வழியே சென்ற அனயாமா பிரபு இடையிலேயே கொலையுண்டார்.

அந்த நேரத்தில் ஹன்ஸோ தன் முன்னோர் நாட்டு மக்களிடம் சென்றான். இகாவிலிருந்தும் பக்கத்து நாடான கோகாவிலிருந்தும் ஆட்கள் திரண்டனர். இகாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 200 பேர் வந்ததாகச் சொல்வார்கள். சாயா ஷிரோஜிரோ என்ற கியோத்தோ வணிகர் வழியில் வெள்ளியை வாரிக் கொடுத்து உதவினார். மலைப் பாதைகளைக் கடந்து இஸே கடற்கரையை அடைந்து, படகேறி, சில நாளில் இயேயாசு தம் நாடு போய்ச் சேர்ந்தார். அந்தப் பயணத்திலே அவர் இறந்திருந்தால் 1603-இல் தொடங்கி 1868 வரை நீடித்த தோகுகவா ஆட்சி இல்லை. எடோ என்னும் மீனவ ஊர் டோக்கியோ மாநகராக வளர்ந்திருக்குமா என்பதும் ஐயமே. மகனைக் காக்க முடியாத கை தந்தையைக் காத்தது.

1590-இல் இயேயாசு எடோவுக்குக் குடிபெயர்ந்தபோது ஹன்ஸோவுக்கு 8,000 கொகு வருவாய் கிடைத்தது. ஒரு கொகு என்பது ஒரு மனிதன் ஓராண்டு உண்ணும் அரிசி. கோட்டையின் மேற்கு வாயிலருகே அவனும் அவனுடைய இகா வீரர்களும் குடியிருந்து காவல் புரிந்தனர். வாயிலுக்கு அவன் பெயர் வந்தது இதனால்தான் என்பர்.

செல்வமும் செல்வாக்கும் வந்த பிறகு அவன் செய்த காரியம்தான் என் உள்ளத்தைத் தொட்டது. நோபுயாசுவின் ஆன்ம சாந்திக்காக ஒரு சிறு பிரார்த்தனைக் குடில் அமைத்தான். துறவு பூண்டு ஸைநென் என்ற பெயர் ஏற்றான். குடிலைப் பெரிய ஆலயமாக எழுப்பும் ஆசை நிறைவேறுமுன்பே கண் மூடினான். பழைய ஜப்பானியக் கணக்கில் அது 1596-ஆம் ஆண்டின் இறுதி.  ஆலயம் பின்னர் எழுந்தது. அவன் துறவுப் பெயரால் ஸைநென்ஜி என்று அழைக்கப்படும் அது, இன்று டோக்கியோவின் யோட்சுயாப் பகுதியில் இருக்கிறது. அவனுக்குப் பின் பதவிக்கு வந்த மகனிடம் தந்தையின் குணம் இல்லை. அவன் கொடுமை தாங்காமல் 1605-இல் இகா வீரர்கள் கிளர்ந்தெழ, மகன் தலைமையை இழந்தான். வீரர்கள் ஹன்ஸோவுக்குப் பணிந்தது அவன் பதவிக்காக மட்டும் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி எங்கள் விளையாட்டுக்கு வருகிறேன். ரேவன்லாஃப்ட் பிரபு ஸ்ட்ராட் காட்டேரி ஆனது எப்படி? தன் தம்பி ஸெர்கேயின் மணப்பெண்ணை விரும்பி, தம்பியையே கொன்றான். அந்தப் பாவம்தான் அவனைச் சாகவும் விடாமல் வாழவும் விடாமல் கோட்டைக்குள்ளே அடைத்து வைத்திருக்கிறது. திகில் கதைகளில் வரும் பேய்களெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். செய்த வினையை ஏற்க மறுப்பவர்களே பேயாகிறார்கள். என் ஷினோபி எதற்கு அஞ்சுவான் என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது. அவன் இருட்டுக்கு அஞ்ச மாட்டான். இருட்டு அவன் தொழிற்கூடம். கல்லறைக்கும் அஞ்ச மாட்டான். ஆணை என்று ஒருவர் சொன்னதும் யோசியாமல் எழுந்துவிடும் தன் சொந்தக் கைக்கு அஞ்சுவான். அந்த அச்சம் உள்ளவரை அவன் மனிதன். அது போய்விட்டால் அவனுக்கும் ஸ்ட்ராடுக்கும் வேற்றுமை இல்லை.

படித்து முடித்து நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் ஆணை பெறும் இடத்திலும் ஆணையிடும் இடத்திலும் அமரப் போகிறோம். கை உறுதியாக இருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கப் பலர் வருவார்கள். எப்போது அது நடுங்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பவர் சிலரே. யோட்சுயா ஆலயத்திலே ஹன்ஸோவின் கல்லறை இருக்கிறது. அவன் ஏந்திய ஈட்டி சிதைந்த நிலையில் இருக்கிறது. நோபுயாசுவுக்கு அவன் எழுப்பிய நினைவுச் சின்னமும் அதே வளாகத்தில் இருக்கிறது. அந்த வீரன் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அந்த மூன்றிலும் சேர்ந்தே இருக்கிறது.