தனித்தீவில் துணைநின்ற கைத்தொழில்

ராபின்சன் குரூசோ என்னும் கதையை நம் மாணவர்களுள் பலர் படித்திருப்பர். டேனியல் டீபோ என்பார் எழுதி 1719ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கதைக்குத் தூண்டுதலாக விளங்கியது என அறிஞர் பலர் கருதும் வாழ்க்கை ஒன்று உண்டு. ஆளில்லாத் தீவில் நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் தன்னந்தனியே வாழ்ந்த அலெக்சாந்தர் செல்கிர்க்கின் வரலாறே அது. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

செல்கிர்க் 1676ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் லோயர் லார்கோ என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் தோலைப் பதனிட்டுக் காலணி தைக்கும் தொழிலாளர். மகனுக்கோ அத்தொழிலில் நாட்டம் செல்லவில்லை. முன்கோபம் மிக்க அவ்விளைஞர் வீட்டாரோடு பூசலிட்டார். கடலோடியாகும் வேட்கையால் ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

1703ஆம் ஆண்டில், ஸ்பானியக் கப்பல்களைத் தாக்கிப் பொருள் கவரச் சென்ற கூட்டத்தில் அவர் சேர்ந்தார். மறு ஆண்டு அவர்தம் கப்பல், சிலி நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலில் உள்ள ஜுவான் பெர்னாண்டஸ் தீவை அடைந்தது. கப்பலின் பலகைகள் புழுவரித்துப் பழுதுற்றிருந்தன. அவற்றைச் செப்பனிடாமல் புறப்படுவது உயிருக்கு இறுதி என்று செல்கிர்க் வாதிட்டார். கப்பல் தலைவர் ஸ்டிராட்லிங் இசையவில்லை. சினம் முற்றவே, தம்மைத் தீவிலேயே விட்டுவிடுமாறு செல்கிர்க் கூறினார். தலைவரும் அவ்வாறே செய்தார். படகு விலகியதும் மனம் மாறி மன்றாடினார் என்பர். பயனில்லை. ஒரு துப்பாக்கி, சிறிது வெடிமருந்து, கோடரி, கத்தி, சமையற்கலம், விவிலிய நூல், படுக்கை முதலியவையே அவருக்குத் துணை.

தொடக்கத்தில் துயரமே அவரை ஆட்கொண்டது. கடலையே நோக்கிக் காத்திருந்தார். கப்பல் வரவில்லை. பின்னர் மெல்ல மனம் தேறி எழுந்தார். மரங்களை வெட்டி, நீண்ட புல்லை வேய்ந்து, இரு குடில்கள் அமைத்தார். கட்டையோடு கட்டையைத் தேய்த்துத் தீ மூட்டினார். இரவில் எலிகள் காலைக் கடித்தன; காட்டுப் பூனைகளுக்கு இறைச்சி ஈந்து பழக்கி அத்தொல்லையைப் போக்கினார். வெடிமருந்து தீர்ந்ததும் காட்டாடுகளை ஓடியே பிடித்தார். ஒருமுறை ஆட்டோடு சேர்ந்து பாறையிலிருந்து வீழ்ந்து நெடுநேரம் உணர்விழந்து கிடந்தார். கத்தி தேய்ந்தபோது, கரையில் கிடந்த இரும்பு வளையங்களைக் கல்லில் தீட்டிப் புதுக்கத்தி செய்தார்.

உடுத்த உடைகளும் கிழிந்தன. அப்பொழுதுதான் தந்தையின் பட்டறையில் கண்டு வளர்ந்த தொழில் கைகொடுத்தது. ஆட்டுத்தோலால் சட்டையும் தொப்பியும் செய்தார். ஆணியே ஊசி; தோலில் அறுத்த மெல்லிய வாரே நூல். வேண்டாம் என்று விட்டுச்சென்ற தொழில், கடல்கடந்து வந்து அவர் மானத்தைக் காத்தது.

1709ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வூட்ஸ் ரோஜர்ஸ் என்பாரின் கப்பல்கள் அங்கு வந்தன. ஆட்டுத்தோல் உடுத்திய செல்கிர்க்குக்குத் தாய்மொழியே தடுமாறியது. எனினும், நோயுற்றிருந்த மாலுமிகளுக்கு ஆடுகளைப் பிடித்துத் தந்து அவர் உதவினார். அவரை விட்டுச்சென்ற கப்பலோ முன்பே மூழ்கிவிட்டது; உயிர் பிழைத்தோர் ஸ்பானியரிடம் சிறைப்பட்டனர். 1711ஆம் ஆண்டில் தாயகம் மீண்ட செல்கிர்க், மறுபடியும் கடலுக்கே சென்று 1721ஆம் ஆண்டில் கப்பலிலேயே உயிர் நீத்தார். அவர் வாழ்ந்த தீவுக்கு 1966ஆம் ஆண்டில் ராபின்சன் குரூசோ தீவு எனப் பெயரிடப்பட்டது.

கப்பலைப் பற்றிய அவர் கணிப்பு சரியே. ஆயினும், சினத்தில் சொன்ன ஒரு சொல் அவரை நான்கு ஆண்டுகள் தனிமையில் ஆழ்த்தியது. அத்தனிமையிலிருந்து அவரைக் கரையேற்றியவை உழைப்பும் கைத்திறனுமே. எழுத்தும் எண்ணும் கற்பிக்க யாம் இருக்கின்றோம். பெற்றோர்களே, உங்கள் கைகள் அறிந்த தொழிலையும் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, அதனைச் சிறிதென எண்ணாது கற்றுக்கொள்ளுங்கள். அதுவும் கல்வியே என்பது எம் துணிபு.