சீர்காழி கணித ஆசிரியரும் எங்கள் நூலகக் கணினியும்

சென்ற தவணை விடுமுறையில், ஜொகூரில் நான் படிக்கும் பல்கலைக்கழக நூலகத்தில் பகுதி நேர வேலை பார்த்தேன். நூற்பட்டியல் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய பதிவுகள் சரியாக வந்து சேர்ந்தனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது என் வேலை. பதிவுகள் அதிகம். இரண்டாம் நாளே சலித்துவிட்டது. பலவற்றைத் திறக்காமலே 'சரி' என்று அழுத்திவிட்டேன்.

சில நாள் கழித்து, முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி கட்டுரைக்காக ஒரு தமிழ் நாவலைத் தேடினாள். கணினி இல்லை என்றது. அவள் அதைத் தேடிக் கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறினாள். பிறகு பார்த்தால், அந்த நாவல் எங்கள் மூன்றாம் மாடி அலமாரியிலேயே இருந்தது. மாற்றத்தின்போது தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிட்டன. நான் திறக்காமல் விட்ட பதிவுகளில் அதுவும் ஒன்று.

நூலகப் பொறுப்பாளரான மலாய் அம்மையார் என்னைத் திட்டவில்லை. ரங்கநாதனைத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். தமிழ் படித்த பிள்ளைக்கு அவரைத் தெரியாதா என்று அவர் வியந்தபோது வெட்கமாக இருந்தது. அன்றிரவே அவரைப் பற்றிப் படித்தேன்.

சீ. இரா. ரங்கநாதன் 1892-இல் தமிழ்நாட்டின் சீர்காழியில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதம் படித்து, மங்களூர், கோயம்புத்தூர், சென்னைக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆனால் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. வகுப்பறையில் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்கவில்லை. ஆசிரியர் பணிக்கே திரும்ப விரும்பினார். லண்டன் சென்று நூலகவியல் படித்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம் என்று சொல்லி அவரை அனுப்பினார்கள்.

லண்டன் அவரை மாற்றியது. அங்கிருந்த நூலகங்களில் சாதாரண மக்களும் வந்து படிப்பதைக் கண்டார். ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளையும் பார்த்தார். அதே சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் கிடைக்கும். நூல்களின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதுவே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1950-களில் ஜொகூர் ரப்பர் மரங்களைத் தாக்கிய நோய் பற்றி ஒரு நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரப்பர், நோய், ஜொகூர், 1950-கள் என்று அதன் பொருளை நான்கு முகங்களாகப் பிரித்து, ஒரே குறியீட்டில் சேர்த்துவிடலாம். இன்று நூலகத் தேடுபக்கத்தின் ஓரத்தில் மொழி, ஆண்டு, பொருள் என்று நாம் தேர்ந்தெடுத்து வடிகட்டுகிறோமே, அதன் பின்னால் உள்ள சிந்தனையும் இதுதான்.

1925-இல் நாடு திரும்பியவர் ஆசிரியர் பணியை மறந்தே போனார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகப் பாடுபட்டார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக எழுதினார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கு. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். நூல் ஒவ்வொன்றும் உரிய வாசகரைச் சேர வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவையே அந்த ஐந்தின் சாரம். சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவர் உழைப்பு காரணம். பிறகு காசி, டெல்லி, பெங்களூரு எனப் பணி தொடர்ந்தது. தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை, நூலகவியல் கல்விக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார். 1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1972-இல் பெங்களூருவில் மறைந்தார். இந்தியாவில் ஆகஸ்ட் 12 அவர் நினைவாகத் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அந்த ஐந்து விதிகளை என் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் அவசரமாக அழுத்திய ஒரு பொத்தான், முதல் நான்கு விதிகளையும் ஒரே நேரத்தில் மீறியிருந்தது. நூல் பயன்படவில்லை, வாசகருக்கு நூல் கிடைக்கவில்லை, நூலுக்கு வாசகர் கிடைக்கவில்லை, ஒரு மாணவியின் இரண்டு நாள் வீணானது.

மறுநாள் முதல் தமிழ் அலமாரியின் ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து, அதன் தலைப்பை யூனிகோடு தமிழில் மீண்டும் தட்டச்சு செய்தேன். ஒரே எழுத்தாளர் பெயர் ரோமன் எழுத்தில் மூன்று விதமாக இருந்தால், எப்படித் தேடினாலும் அவர் நூல்கள் அனைத்தும் வரும்படி பொறுப்பாளர் இணைத்துக் கொடுத்தார். விடுமுறை முழுதும் அதிலேயே போனது.

அந்த மாணவியைச் சந்தித்து உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, அடுத்து தேட வேண்டிய நூலின் பெயரைச் சொன்னாள். தமிழிலேயே தட்டச்சு செய்தோம். இந்த முறை கிடைத்தது.

உங்கள் பள்ளி அல்லது கல்லூரி நூலகத்தில் ஒரு தமிழ் நூலைத் தேடிப் பாருங்கள், நண்பர்களே. இல்லை என்று கணினி சொன்னால், ஒரு முறை அலமாரிக்கும் நடந்து பாருங்கள். நூல் அங்கே இருந்தால் நூலகரிடம் சொல்லுங்கள். அடுத்து தேடி வருபவருக்கு ஒரு பயணம் மிச்சமாகும்.