உண்மைக்கு அஞ்சாத மருத்துவர்

சுவிட்சர்லாந்து பனி மூடிய மலைகளால் அழகு பெற்ற நாடு. எனினும், அந்நாட்டு மண்ணிலும் நீரிலும் அயோடின் மிகக் குறைவு. அக்குறையால் மக்கள் பலருக்குக் கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வீங்கிக் கழலையாகப் பருத்தது. சிலருக்கு அக்கழலை மூச்சுக் குழலை நெருக்கி உயிருக்கே உலை வைத்தது. இத்துன்பத்தைப் போக்கப் பாடுபட்டவர் தியோடர் கோக்கர்.

கோக்கர் 1841ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் பெர்ன் நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பயின்று, 1872ஆம் ஆண்டில் அங்கேயே அறுவை மருத்துவப் பேராசிரியரானார். அக்காலத்தில் கழலையை அறுப்பதென்றால் தேர்ந்த மருத்துவரும் அஞ்சுவர். குருதிப் பெருக்காலும் சீழ் பிடித்தலாலும் பலர் மாண்டனர். கோக்கரோ கருவிகளைத் தூய்மை செய்து, குருதிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, பதற்றமின்றி அறுத்தார். பிழைத்தோர் தொகை பெருகியது; அவர் புகழும் பரவியது.

தைராய்டின் பயனை அக்காலத்தார் அறிந்திலர். ஆதலின், கோக்கர் சிலருக்கு அச்சுரப்பியை முழுமையாகவே அகற்றினார். அவர்களுள் சிலர் நலங்குன்றியதை அறிந்ததும் அவர் வாளாவிருக்கவில்லை. 1883ஆம் ஆண்டில் தம் பழைய நோயாளிகளை மீண்டும் வரவழைத்தார். சுரப்பியை முற்றும் இழந்தோருள் 18 பேரை ஆராய்ந்தார். 16 பேர் நலிந்திருந்தனர். முகம் வீங்கி, தசைகள் வலுவிழந்து, அறிவு மந்தமாகி அவர்கள் வருந்தினர். சிறுவர்களின் வளர்ச்சியோ நின்றுவிட்டிருந்தது.

கழலை நீங்கியது, வாழ்வு கெட்டது. இதனை மறைத்திருந்தால் கோக்கரின் புகழ் குன்றியிராது. ஆயினும், அவர் அவ்வாண்டிலேயே பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர் பேரவையில் அனைத்தையும் ஒளிக்காது எடுத்துரைத்தார். அதன்பின் சாதாரணக் கழலைக்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றுவதைக் கைவிட்டார். ஒரு பகுதியையேனும் எஞ்ச விட்டார்.

அவர் வெளியிட்ட உண்மை பிறர்க்கு வழிகாட்டியது. 1891ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றால் இந்நோயைத் தணித்தார். 1914ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கெண்டால், அச்சுரப்பியின் ஹார்மோனாகிய தைராக்சினைப் பிரித்தெடுத்தார். அந்த ஹார்மோனை உயிரணுக்களில் பற்றிக்கொள்ளும் ஏற்பி எது என்பது 1986ஆம் ஆண்டில் கோழியின் மரபணுவை ஆராய்ந்தபோது தெளிவாயிற்று. முட்டைக்குள் வளரும் குஞ்சின் தசைகளிலும் அவ்வேற்பிகள் உள்ளன. 

1909ஆம் ஆண்டில் கோக்கருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அறுவை மருத்துவர் ஒருவர் அப்பரிசு பெற்றது அதுவே முதன்முறை. தம் வாழ்நாளில் 5000க்கும் மேற்பட்ட கழலைகளை அறுத்த அப்பெரியார், 1917ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் மறைந்தார். கைத்திறன் அவருக்குப் புகழ் தந்தது. தம் குறையைத் தாமே ஆராய்ந்து உலகுக்கு உணர்த்திய நேர்மையோ எண்ணற்றோர்க்கு நல்வாழ்வு தந்தது.