ஆறாத பாதப் புண்ணும் மருந்துக்கட்டும்: மருத்துவர் பால் பிராண்டின் வாழ்வு தரும் பாடம்

உங்கள் காலிலோ உங்கள் வீட்டுப் பெரியவரின் காலிலோ வாரக்கணக்கில் ஆறாத புண் இருந்தால், வெள்ளியோ அயோடினோ கலந்த விலையுயர்ந்த மருந்துக்கட்டைப் போட்டால் ஆறிவிடுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. இதற்கு விடை காண, ஆறாத பாதப் புண்களைப் பற்றித் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த மருத்துவர் பால் பிராண்டின் வரலாற்றை அறிவது பயன்தரும்.

கொல்லிமலையில் பிறந்தவர்

பால் பிராண்ட் 1914 ஜூலை 17 அன்று கொல்லிமலையில், ஆங்கிலேய மறைப்பணியாளர் தம்பதிக்குப் பிறந்தார். ஒன்பதாம் வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். பள்ளிப் படிப்புக்குப் பின் சில ஆண்டுகள் கட்டடத் தொழில் கற்றார். அதன் பிறகே இலண்டனில் மருத்துவம் பயின்று அறுவை மருத்துவரானார். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

வேலூரில் கண்ட உண்மை

தொழுநோயாளிகளின் கை கால்கள் அந்நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்தார். நரம்பு பாதிக்கப்பட்டதால் அவர்களுக்கு வலி தெரியவில்லை. சூடான பாத்திரத்தைக் கையால் எடுத்தனர். ஆணி குத்தியும் நடந்தனர். இரவில் எலி கடித்தும் விழிக்கவில்லை. புண்களுக்குப் பெரும்பாலும் இத்தகைய காயங்களே காரணம் என்று அவர் கண்டார்.

எத்தனை முறை கட்டு மாற்றினாலும், அதே புண்ணை ஊன்றி நடந்தவர்களுக்கு அது ஆறவில்லை. மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணின் மேல் விழும் அழுத்தத்தை விலக்கியபோது ஆறியது. மீண்டும் புண் வராதிருக்க, மென்மையான இரப்பரால் ஆன காலணிகளை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அரசு மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று நீங்கள் கேள்விப்படுவது அவ்வகையைச் சேர்ந்ததே.

1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், இதே முறைகளை நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களுக்கும் பரப்பினார். 2003 ஜூலை 8 அன்று காலமானார்.

புண்ணில் படியும் நுண்ணுயிர்ப் படலம்

பிராண்ட் வேலூரில் பணியாற்றிய நாள்களில், பயோஃபிலிம் எனப்படும் நுண்ணுயிர்ப் படலம் பற்றிய அறிவு வளர்ந்திருக்கவில்லை. பாக்டீரியாக்கள் ஒன்றுகூடிப் புண்ணில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற உறையை உண்டாக்குகின்றன. வீட்டில் பாசி பிடித்த தொட்டியில் தண்ணீரை மட்டும் ஊற்றினால் பாசி போகாது. தேய்த்தே நீக்க வேண்டும். இப்படலமும் அத்தகையதே. உடலின் எதிர்ப்பு அணுக்களும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் இதற்குள் எளிதில் செயல்பட இயலாது. செத்த சதையோடு சேர்த்துச் சுரண்டி நீக்கினாலும் ஓரிரு நாள்களில் மீண்டும் படியக்கூடும்.

மருந்துக்கட்டு எந்த அளவு உதவும்?

வெள்ளி, அயோடின், தேன் ஆகியவை கலந்த கட்டுகள் ஆய்வகச் சோதனைகளில் படலத்தில் உள்ள பாக்டீரியாக்களைக் குறைக்கின்றன. ஆனால் நோயாளிகளிடம் அதே அளவு பலன் உறுதியாகவில்லை. நீரிழிவுப் பாதம் பற்றிய பன்னாட்டுச் செயற்குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண் ஆறுவதற்கென்று இக்கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. தொற்றைக் கட்டுப்படுத்துவது போன்ற வேறு தேவைக்காக, புண்ணைச் சுத்தம் செய்த பின் குறுகிய காலத்திற்கு உங்கள் மருத்துவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். தைராய்டு நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் அயோடின் கட்டுக்கு முன் அதைத் தெரிவிக்க வேண்டும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் சாதாரண பேண்டேஜ் துணியும், புண்ணை முறையாகச் சுத்தம் செய்து அழுத்தம் விலக்கினால், தன் பணியைச் செய்யும். அழுத்தம் விலக்காவிடில் விலையுயர்ந்த கட்டும் பயன்தராது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• வலி இல்லை என்பதால் புண் சிறியது என்று எண்ணாதீர்கள். நீரிழிவு நோயாளிக்கு வலியின்மையே எச்சரிக்கை.
• புண்ணை ஊன்றி நடக்காதீர்கள். மாவுக்கட்டு எல்லோருக்கும் பொருந்தாது. கடுமையான தொற்றோ இரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் ஆபத்தாகலாம். மருத்துவரே முடிவு செய்வார்.
• செத்த சதையை வீட்டில் வெட்டாதீர்கள். மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் வைக்காதீர்கள்.
• இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்; புகைபிடிப்பதை நிறுத்துங்கள்.
• நாள்தோறும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய இயலாதவர்களுக்குப் பராமரிப்பவர் பார்க்க வேண்டும்.
• திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டம் போன்ற விழாக்களில், உணர்ச்சி குறைந்த கால்களோடு வெயில் காய்ந்த சாலையில் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிருங்கள்.

சிவப்பு பரவுதல், வீக்கம், துர்நாற்றம், சீழ், கருமை, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைய தினமே இராஜபாளையம் அல்லது திருவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பரவும் தொற்றுக்கு மாத்திரையோ ஊசியோ தேவை; மேற்கட்டு அதற்கு மாற்றாகாது. சில நாள் தாமதம்கூட விரலையோ காலையோ இழக்கச் செய்யலாம். ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். அவசர ஊர்திக்கு 108-ஐ அழைக்கவும்.