ஆழ்கடல் கிண்ணங்களை எண்ணியவர்

குழந்தைகளே! பவளம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பாட்டியின் கழுத்தில் கிடக்கும் சிவப்பு மணிதானே? ராமேசுவரம் போய் வந்தவர்கள் கரையில் கிடக்கும் வெள்ளைப் பவளக்கல்லையும் பார்த்திருப்பீர்கள். இவை இரண்டும் கூட்டமாக வாழும் உயிர்கள் கட்டியவை. ஆனால், சூரிய வெளிச்சம் எட்டாத ஆழ்கடலில், கூட்டம் சேராமல் ஒண்டியாக வாழும் கல்பவளங்களும் உண்டு! நம் இந்தியக் கடல்களில் அவற்றைத் தேடி எடுத்துப் பெயர் வைத்தவர் ஒரு டாக்டர். அவர் பெயர் ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக்.

ஆல்காக் 1859-ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தார். அப்பா கப்பல் கேப்டன். இங்கிலாந்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பெரும் பண நஷ்டம் ஏற்பட்டது. படிப்பு பாதியில் நின்றுபோனது. 1876-இல், 17 வயதுப் பையனாக, வயநாட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த உறவினர்களிடம் வந்து சேர்ந்தார். வயநாடு அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. காப்பித் தொழிலும் நலிந்துவிட்டது. பிறகு கல்கத்தாவில் ஓர் அலுவலகத்தில் வேலை, டார்ஜிலிங்கில் பள்ளி ஆசிரியர் வேலை என்று சில ஆண்டுகள் அலைந்தார். (ஆமாம், எங்கள் வாத்தியார் இனம்தான்!)

இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டதே, இனி என்ன படிப்பு என்று அவர் நினைக்கவில்லை. ஸ்காட்லாந்தில் உள்ள அபர்தீன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மருத்துவம் படித்தார். கூடவே விலங்கியலிலும் மனம் போனது. 1885-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு எல்லையில் படைவீரர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1888-இல் அவரை இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பலுக்கு டாக்டராக அனுப்பினார்கள். நோயாளிகளைக் கவனிப்பதோடு, கடல் உயிர்களையும் சேகரித்து ஆராய வேண்டும் என்பது உத்தரவு.

இன்வெஸ்டிகேட்டர், பம்பாயில் 1881-இல் கட்டப்பட்ட மரக்கப்பல். பக்கவாட்டில் பெரிய சக்கரம் சுழல, நீராவியில் ஓடும். கடற்கரையையும் கடல் ஆழத்தையும் அளப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஓய்வு கிடைக்கும் நேரத்தில் மட்டும் வலையை இறக்கலாம். வங்காள விரிகுடா, அந்தமான், இலட்சத்தீவு என்று எங்கும் போனது.

ஆழத்தை நம் மீனவர்கள் பாகக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 6 அடி. 300 பாகத்துக்குக் கீழே உயிரே கிடையாது என்று 1840-களில் ஓர் அறிஞர் சொல்லியிருந்தார். அது தவறு என்பதை 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் என்ற கப்பல் காட்டிவிட்டது. ஆனால் இந்தியக் கடல்களின் அடியில் என்ன இருக்கிறது என்பது அப்போதும் பெரும்பாலும் புதிர்தான். ஆல்காக் 1000 பாகத்துக்கும் கீழே வலை இறக்கினார். அது 6000 அடி! எங்கள் வடமதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால், கொடைக்கானல் மலை உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரும்புக் கயிற்றில் கட்டிய வலை இறங்கி ஏறப் பல மணி நேரம் ஆகும். மேலே வருவதோ பெரும்பாலும் சேறு. அதைச் சல்லடையில் கழுவிக் கழுவித் தேட வேண்டும்.

அப்படிக் கிடைத்தவைதான் அந்த ஒண்டிப் பவளங்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு சுண்ணாம்புக் கிண்ணம். அதற்குள் ஒரே ஓர் உயிர். உடம்பு மெத்தென்று இருக்கும். நடுவில் வாய். சாப்பாடு போவதும் அந்த வழிதான், கழிவு வருவதும் அந்த வழிதான்! வாயைச் சுற்றிக் கொட்டும் கைகள். மிதந்து வரும் நுண்ணுயிர்களை அவற்றால் பிடித்துத் தின்னும். ஆழம் குறைந்த இடத்துப் பவளங்களுக்குள் பாசி குடியிருந்து, வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கும். இருட்டில் வாழும் இதற்கு அந்த உதவி கிடையாது.

ஒரு சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவை நோக்கித் தடுப்புகள் தெரியும் அல்லவா? பவளக் கிண்ணத்துக்குள்ளும் அப்படித் தகடுகள் உண்டு. முதலில் பெரிய தகடு 6. அவற்றின் இடையில் இன்னும் 6. அந்த இடைவெளிகளில் 12, பிறகு 24. கூட்டினால் 48! கல்பவளத்தில் எல்லாம் ஆறை ஒட்டிய கணக்கு. பாட்டியின் சிவப்புப் பவளம் எட்டுக் கை உடைய வேறு கூட்டத்தைச் சேர்ந்தது.

இனம் பிரிக்க இந்தத் தகடுகளைத்தான் எண்ண வேண்டும். எது எதனோடு சேர்கிறது, நடுவில் தூண் உண்டா, கிண்ணம் பாறையில் ஒட்டியதா, சேற்றில் சும்மா கிடந்ததா என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பவளம் வளர வளரத் தகடுகளும் கூடும். அதனால் குட்டியையும் பெரியதையும் வேறு வேறு இனம் என்று ஏமாந்துவிடலாம். அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது!

மழைக்காலத்தில் கப்பல் வேலை நிற்கும். அப்போது ஆல்காக் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து எண்ணுவார். 1893-இல் அந்த அருங்காட்சியகத்துக்கே தலைவர் ஆனார். 1898-இல் இந்தியக் கடல்களின் ஆழ்கடல் கல்பவளங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்தோனேசியத் தீவுகளைச் சுற்றி ஆராய்ந்த டச்சுக்காரர்களின் சிபோகா கப்பல் கொண்டுவந்த ஆழ்கடல் பவளங்களும் அவரிடமே வந்தன. அவற்றைப் பற்றி 1902-இல் எழுதினார். 1901-இல் லண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. படிப்பு பாதியில் நின்ற பையன் அல்லவா!

ஆனால் அருங்காட்சியக நிர்வாகத்தோடு கருத்து வேறுபாடு முற்றியது. 1906-இல் விலகி லண்டன் போனார். அங்கே வெப்ப நாட்டு நோய்களைப் பரப்பும் பூச்சிகளைப் பற்றி மருத்துவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1933-இல் காலமானார்.

அவர் பெயர் வைத்த பவளங்களில் ஒன்று டெல்டோசயாத்தஸ் அந்தமானிகஸ். பெயரைக் கண்டு பயப்படாதீர்கள்! டெல்டா என்பது முக்கோண வடிவக் கிரேக்க எழுத்து. சயாத்தஸ் என்றால் கிண்ணம். உள்ளே தகடுகளின் முனைகள் முக்கோணமாகச் சேர்ந்திருக்கும். அந்தமானிகஸ் என்றால் அந்தமானைச் சேர்ந்தது. சமீப காலத்தில் மரபணுவை ஆராய்ந்தவர்கள் டெல்டோசயாத்தஸ் வகைகளைத் தனிக் குடும்பமாகவே பிரித்துவிட்டார்கள். ஆனால் ஆல்காக் வைத்த இனப்பெயர் மாறவில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இன்றும் ஆல்காக், 1898 என்றுதான் எழுதுகிறார்கள்.