கியூரி அம்மையாரின் போர்க்காலப் பணி

உருசியர் ஆட்சியிலிருந்த வார்சா நகரில் 1867-ஆம் ஆண்டு பிறந்த மேரி கியூரி அம்மையார் ரேடியத்தைக் கண்டறிந்தவர். நோபெல் பரிசினை இருமுறை பெற்றவர். இவற்றை மாணவர் அறிவர். போர்முனையில் அவர் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்த வரலாற்றை அறிந்தோர் சிலரே.

1914-இல் உலகப் போர் மூண்டது. வீரர் உடலிற் பாய்ந்த குண்டு எங்குத் தங்கியதெனத் தெளியாமலே மருத்துவர் அறுவை செய்ய நேர்ந்தது. எக்ஸ் கதிர்க் கருவிகளோ பெரும்பாலும் நகர மருத்துவமனைகளில் இருந்தன. நோயாளி கருவியிடம் வர இயலாதெனின், கருவியன்றோ அவனிடம் செல்லவேண்டும்! அம்மையார் செல்வரிடம் மோட்டார் வண்டிகளைக் கேட்டுப் பெற்று, அவற்றிற் கருவிகளைப் பொருத்தினார். வண்டியின் பொறியே மின்னாக்கியைச் சுழற்றிற்று. இங்ஙனம் 20 வண்டிகள் அமைந்தன; மருத்துவமனைகளில் 200 எக்ஸ் கதிர்க் கூடங்களும் எழுந்தன. அம்மையார் உடற்கூற்றியல் கற்றார்; 1916-இல் வண்டியோட்டும் உரிமமும் பெற்றார். இளம்பருவ மகள் ஐரீன் உடனுழைத்தார்.

கருவிகள் பெருகின, இயக்குவோர் போதவில்லை. எனவே பாரிசு ரேடியம் நிலையத்தில் ஏறத்தாழ 150 மகளிர்க்கு மின்னியல், உடற்கூறு, படமெடுத்தல் ஆகியவை சில திங்களிற் பயிற்றப்பட்டன. உயர்கல்வி பெறாதாரும் அவருள் இருந்தனர். கற்றவரே செய்யத்தக்க தொழில் இஃது என்ற எண்ணம் அன்று தகர்ந்தது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட வீரர் பயன்பெற்றனர்.

ஆயின் அக்காலத்துப் பாதுகாப்பு மிகச் சிறிது. இன்று இத்தொழிலோர் ஈயக் கவசம் அணிவர். மேல்விழும் கதிரினை அளக்கும் சிறுகருவியையும் உடன் கொள்வர். அம்மையார்க்கு அவ்வளவு காப்பு வாய்க்கவில்லை. 1934-இல் குருதி நோயால் அவர் மறைந்தார். 1995-இல் அவருடலைப் பாந்தியன் மண்டபத்திற்கு மாற்றியபோது ஆராய்ந்த அறிஞர், ரேடியத்தினும் போர்க்கால எக்ஸ் கதிர்களே அந்நோய்க்குக் காரணமாதல் கூடுமெனக் கருதினர்.